உரோமப் பேரரசின் வீழ்ச்சி: ஓர் உத்தி விளையாட்டு எழுப்பும் வரலாற்று வினாக்கள்

சதுரங்கத்தில் இரு தரப்பாரும் ஒத்த வலிமையோடு ஆட்டத்தைத் தொடங்குகின்றனர். நம் கிராமங்களில் ஆடப்பட்டு வந்த நாயும் புலியும் ஆட்டத்திலோ தரப்புகள் ஒத்தவையல்ல. ஒருவர் கையில் எண்ணிக்கையும் மற்றவர் கையில் வலிமையும் உள்ளன. வரலாற்றை அடியொற்றி அமையும் உத்தி விளையாட்டுகள் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தவை. அவை வெறும் பொழுதுபோக்காகவே பிறந்தன என்றும் கூறுதற்கில்லை. 1824 ஆம் ஆண்டில் பிரசியப் படை அதிகாரியான றைஸ்விற்ஸ் என்பார், தம் படையதிகாரிகள் தேசப்படத்தின் மீது காய்களை நகர்த்திப் போர் பயிலும் பொருட்டு விதிநூலொன்றை வெளியிட்டார். அம்மரபு அட்டையிலிருந்து கணினித் திரைக்கு இடம் பெயர்ந்து இன்று உலகெங்கும் பரவியுள்ளது. 2015 இல் வெளிவந்த ‘டோட்டல் வார்: அட்டிலா’ என்னும் கணினி விளையாட்டு கி.பி. 395 ஆம் ஆண்டில் தொடங்குகின்றது; மேற்கு உரோமப் பேரரசை ஏற்று ஆடுவதே அதன் மிகக் கடினமான தொடக்கங்களுள் ஒன்று என்பதை ஆடியோர் அறிவர்.

வரலாற்று மாணவர் சிலரும் நானும் சேர்ந்து இதே பொருளில் ஒரு மேசை விளையாட்டை அமைக்க முற்பட்டோம். எந்த ஆண்டில், எவர் கையில், எவ்வளவு நிலமும் படையும் பொன்னும் இருக்க ஆட்டம் தொடங்குகின்றது, எது வெற்றி, எது தோல்வி என்பவற்றை வரையறுக்கும் ஏற்பாட்டை ஆட்டச் சூழமைவு எனலாம். அதனை வகுக்கும்போது நாம் எதிர்கொண்ட இடர்ப்பாடுகள் விளையாட்டைப் பற்றியன அல்ல, வரலாற்றைப் பற்றியனவே என்பது விரைவில் புலனாயிற்று.

கட்டுரை எழுதும் வரலாற்றாசிரியனுக்கு ஒரு வசதியுண்டு. ‘வரிச் சுமையும் ஒரு காரணமாயிற்று’ என்று எழுதிவிட்டு அவன் அடுத்த பந்திக்குச் செல்லலாம். விளையாட்டை அமைப்பவனுக்கு அது இயலாது. வரிச் சுமை எத்துணைக் காரணம் என்பதை அவன் எண்ணாகக் கூறியாக வேண்டும். கூறாவிடின் காய் நகராது. 1776 இல் முதற்பாகம் வெளிவந்த கிபனின் நூல் தொடங்கி உரோம வீழ்ச்சிக்குக் கூறப்பட்ட காரணங்கள் பல. அவற்றைத் தொகுத்த ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் டெமான்ற் 1984 இல் 210 காரணங்களைப் பட்டியலிட்டார். இருநூற்றுப் பத்தையும் ஒரே அட்டையில் வைத்து ஆட முடியாது. எவற்றைக் கைவிடுகிறோம் என்பதிலேயே நமது வரலாற்றுக் கொள்கை வெளிப்பட்டுவிடுகின்றது.

தொடக்க ஆண்டைத் தெரிவு செய்வதும் அத்தகையதே. கோதர் தானியூப் நதியைக் கடந்த 376 இல் தொடங்கினால், ஹூணரால் துரத்தப்பட்டு ஏதிலிகளாக வந்தோரை உரோம அதிகாரிகள் நடத்திய முறையே முதற்காரணம் என்றாகும். வந்தாலரும் அலானியரும் சுவேவியரும் றைன் எல்லையை உடைத்த 406 இல் தொடங்கினால் புறப்பகையே காரணம் என்றாகும். தியோடோசியஸ் இறந்து, மேற்குப் பகுதி பத்து வயதுச் சிறுவனான ஹொனோரியஸ் வசம் சென்ற 395 ஐ நாம் தெரிந்துகொண்டோம். ஒரு முறைக்கு ஐந்தாண்டு என 475 வரை பதினாறு முறைகள் வகுத்தோம்.

படத்தின் கிழக்கு விளிம்பை எங்கே வெட்டுவது என்பதும் ஒரு சிறு தகராறாயிற்று. நைல் நதியோடு நிறுத்தினோம். ஆயினும் 408 இல் உரோம நகரை முற்றுகையிட்ட அலரிக் கேட்டுப் பெற்ற மீட்புப் பொருளில் 5,000 இறாத்தல் பொன்னோடு 3,000 இறாத்தல் மிளகும் அடங்கியிருந்தது. அம்மிளகு விளைந்த தென்னிந்திய மேற்குக் கரையும், நான்காம் ஐந்தாம் நூற்றாண்டு உரோமச் செப்புக் காசுகள் ஆயிரக்கணக்கிற் கிடைத்துள்ள நம் இலங்கையும் அட்டைக்கு அப்பால் விடப்பட்டன.

ஆட்டத்தின் இயக்கவிசையாக நாம் கொண்டது வரி. ஏ. எச். எம். ஜோன்ஸ் 1964 இலும், பீற்றர் ஹெதர் 2005 இலும் வெவ்வேறு முடிபுகளுக்காக வலியுறுத்திய உண்மை ஒன்றே: பேரரசின் வருவாய் நிலத்திலிருந்து வந்தது; அதன் பெரும்பகுதி படைக்குச் சென்றது. எனவே ஒரு மாகாணத்தை இழத்தல் நிலத்தை மட்டும் இழத்தலன்று. அது தாங்கிய படைப்பிரிவுகளையும் இழத்தலாகும். போர் நிகழ்ந்த மாகாணம் மீட்கப்பட்டாலும் பல்லாண்டுகள் வரி தராது. வந்தாலரிடமிருந்து திரும்பப் பெற்ற நுமிடியா, மோரித்தானியா மாகாணங்களின் வரியை மூன்றாம் வலன்ரீனியன் 445 அளவில் எட்டிலொன்றாகக் குறைக்க நேர்ந்தமை இதற்குச் சான்று. இதனையே விதியாக்கினோம்: படை நடந்த நிலம் மூன்று முறைகளுக்கு எட்டிலொரு பங்கே தரும்.

இவ்விதி அட்டையில் ஏறியதும் ஆபிரிக்கா பேருருக் கொண்டது. இன்றைய தூனீசியாவை நடுவாகக் கொண்ட அந்நிலம் தானியமும் எண்ணெயும் விளைவித்தது. பெரும் பகைவர் எல்லையில் இல்லாமையால் சிறுபடையே போதுமானதாயிருந்தது. வாங்குவது மிகுதி, செலவிடுவது குறைவு. 429 இல் கெய்செரிக்கின் தலைமையில் வந்தாலர் ஸ்பானியாவிலிருந்து கடல் கடந்தனர். 439 ஒக்டோபர் 19 இல் கார்த்தேஜ் நகரைக் கைப்பற்றினர். ஐந்தாண்டு கழித்து, விற்பனை ஒவ்வொன்றிலும் இருபத்துநான்கிலொரு பங்கை வரியாகக் கோரிய சட்டமொன்றில், படைவீரருக்கு உணவும் உடையும் வழங்கப் பழைய வருவாய் போதவில்லை என்பதைப் பேரரசனே ஒப்புக்கொள்கிறான். அரசொன்று தன் வறுமையைத் தன் சட்டத்திலேயே எழுதி வைத்தல் அரிது.

இத்துணை கவனத்தோடு விதிகளை வகுத்துவிட்டு முதன்முதலாக ஆடினோம். ஒருவர் மேற்கு உரோமம். ஏனையோர் கோதர், வந்தாலர், ஹூணர். நான்கு தடவை ஆடினோம். நான்கிலும் உரோமம் பிழைத்துக்கொண்டது.

காரணங்கள் இரண்டு. முதலாவது எளிது. 429 இல் என்ன நிகழும் என்பது ஆடுபவருக்குத் தெரியும். எனவே 425 ஆம் ஆண்டு முறையிலேயே ஜிப்ரால்ற்றர் நீரிணையைக் காவல் செய்துவிடுவார். பகைவரின் நகர்வுகளை மூடிய சீட்டுகளாக்கி இதனைத் திருத்தினோம். ஆயினும் உரோமமே வென்றது. இரண்டாவது காரணத்தை உணர எமக்குச் சில வாரங்கள் தேவைப்பட்டன. எமது அட்டையில் உரோமத்துக்கு ஒரே கை இருந்தது.

வரலாற்றில் அவ்வாறு ஒரு கை இருந்ததில்லை. 397 இல் ஆபிரிக்காவின் தளபதி கில்டோ இத்தாலிக்குச் செல்லும் தானியத்தை நிறுத்தினான். அவனை அடக்கப் படைக்கு ஆள் வேண்டியபோது, செனற்றர்கள் தம் நிலங்களிலிருந்து ஆள் தருவதற்குப் பதிலாகப் பொன் தந்து விலகிக்கொள்ள இசைவு பெற்றனர். 408 இல் தளபதி ஸ்திலிக்கோ தன் பேரரசனின் ஆணையால் றவென்னாவில் வெட்டப்பட்டான். தொடர்ந்து, உரோமப் படையிற் பணிபுரிந்த பிற இனத்தாரின் மனைவி மக்கள் இத்தாலிய நகரங்களிற் படுகொலை செய்யப்பட, அவ்வீரர்கள் ஆயிரக்கணக்கில் அலரிக்கிடம் சென்று சேர்ந்தனர். வந்தாலர் ஆபிரிக்காவை அரித்துக்கொண்டிருந்த 432 இல், அதனைக் காக்க வேண்டிய பொனிபாசியஸும், கோல் நாட்டைக் காக்க வேண்டிய ஏத்தியஸும் இத்தாலி மண்ணில் ஒருவரோடொருவர் பொருதனர். பொனிபாசியஸ் வென்றான்; வென்ற புண்ணாலேயே மாண்டான். 454 இல் ஏத்தியஸைப் பேரரசன் தன் கையாலேயே கொன்றான். 460 இல் ஆபிரிக்காவை மீட்கக் கப்பல் திரட்டிய மஜோரியன், அக்கப்பல்களை ஸ்பானியக் கரையில் இழந்து திரும்பியபோது, அடுத்த ஆண்டில் தன் தளபதி றிசிமராற் கொல்லப்பட்டான்.

இவற்றை அறிவீனம் என ஒதுக்குவது எளிது. பாடநூல்கள் பெரும்பாலும் அவ்வாறே செய்கின்றன. அச்செயல்களை அவ்வவர் நின்ற இடத்திலிருந்து நோக்கினால் அவை அறிவீனமாகத் தோன்றா. வெற்றி பெற்ற தளபதி அரியணையைக் கவர்வான் என அரசவை அஞ்சியது. அத்தகைய கவர்வுகள் அடிக்கடி நிகழ்ந்தும் வந்தன. தன் குடியானவரைப் படைக்கு அனுப்பிய நிலவுடைமையாளனின் வயல் தரிசாகும்.

ஆதலால் சூழமைவை அடியோடு மாற்றினோம். உரோமத்தை நால்வருக்குப் பகிர்ந்தோம்: றவென்னா அரசவை, இத்தாலியின் தளபதி, ஆபிரிக்காவின் தளபதி, கோல் நாட்டுப் பெருநிலவுடைமையாளர். ஒவ்வொருவருக்கும் தனித்தனி வெற்றிப் புள்ளிகள். பேரரசு பிழைத்தால் அனைவர்க்கும் பொதுவான புள்ளியும் உண்டு; அதனைத் தாராளமாகவே வைத்தோம். ஆட்டம் தொடங்கிய அன்று மாலையே, 430 ஆம் ஆண்டு முறையில், அதாவது வரலாற்றில் நிகழ்ந்ததற்கு ஒரு முறை முன்னதாக, கார்த்தேஜ் வீழ்ந்தது. உரோமம் வீழ வேண்டும் என எண்ணியவர் நால்வரில் ஒருவருமிலர். ஒவ்வொருவரும் அடுத்தவர் முதலிற் படை அனுப்புவார் எனக் காத்திருந்தனர்.

அன்று ஆட்டம் முடிந்ததும் கோல் நிலவுடைமையாளராக ஆடிய மாணவி, தாமே வென்றதாகக் கூறிப் புள்ளிகளை எண்ணிக் காட்டினார். நாம் சிரித்தோம். பின்னர் நூல்களைப் புரட்டியபோது அவர் கூற்றில் உண்மை இருப்பதைக் கண்டோம். கிளெர்மொன் நகரின் ஆயரும் கோல் நாட்டுப் பெருங்குடியினருமான சிடோனியஸ், 475 இல் தம் நகர் கோதருக்குக் கையளிக்கப்பட்டபோது மனம் வெதும்பி எழுதினார். அவர் மகன் அப்போலினாரிஸ் 507 இல் வூயே என்னுமிடத்தில் பிராங்கியருக்கு எதிராகப் போரிட்டான். கோதரின் பக்கம் நின்று. பேரரசு போயிற்று, அக்குடும்பத்தின் செல்வாக்குத் தொடர்ந்தது.

எனினும் அம்மாணவியின் புள்ளிக் கணக்கில் அவர் நிலத்தை உழுதோர் இடம்பெறவில்லை. எமது அட்டையிலும் அவர்களுக்குக் காய் இல்லை. ஐந்தாவது ஆடுநராகக் குடியானவரைச் சேர்க்கலாமா என ஆராய்ந்தோம். அவருக்கு நகர்த்துவதற்கு யாதும் இராது. ஓடிப்போதல் ஒன்றே அவர் கையிலுள்ள நகர்வு. 440 அளவில் எழுதிய சல்வியன் என்னும் மதகுரு, வரி தண்டுவோரின் கொடுமைக்கு அஞ்சிய உரோமர் பகைவர் நிலத்துக்கே ஓடிச் சென்று அங்கு வாழ விரும்பினர் எனக் கடிந்துரைக்கிறார். சமயப் பரப்புரையின் மிகை அதில் உண்டு எனினும் முழுவதும் புனைவாக இருத்தல் இயலாது. ஆகவே வரியை உயர்த்துந்தோறும் தாயக்கட்டையை உருட்டி ஒரு பகுதிக் குடிகளைக் கோதர் நிலத்துக்கு மாற்றும் விதியைச் சேர்த்தோம். அதன்பின் ஆட்டம் மிகக் கொடியதாயிற்று. படையைப் பெருக்க வரி, வரியால் ஓட்டம், ஓட்டத்தால் வரிக்குறைவு என அரசவையாக ஆடியவர் மூச்சுத் திணறினார். 2017 இல் கைல் ஹார்ப்பர் வலியுறுத்திய காலநிலையும் கொள்ளைநோயும் எமது அட்டையில் இல்லை. அவற்றை மறுத்து விடவில்லை. ஐந்தாண்டு முறைக்குள் அவற்றுக்கு எண் இட எமக்குத் துணிவில்லை.

ஆட்டத்தை எங்கே முடிப்பது என்பது பற்றிக் கருத்து வேறுபாடு அதிகமிருக்கவில்லை. 476 இல் ஒடோவாக்கர் சிறுவன் றொமுலஸை நீக்கி அரசச் சின்னங்களைக் கிழக்குத் தலைநகருக்கு அனுப்பியபோது ஆடுவதற்கு மிஞ்சியிருந்தது சிறிதே. உண்மையான தகராறு 468 ஐப் பற்றியது. அவ்வாண்டில் கிழக்கும் மேற்கும் ஒன்றிணைந்து, பழைய ஆசிரியர் கணக்கில் 1,100 கப்பல்களை ஆபிரிக்காவுக்குச் செலுத்தின. செலவு 64,000 இறாத்தல் பொன்னும் 7,00,000 இறாத்தல் வெள்ளியும் என்பர். கெய்செரிக் ஐந்து நாள் தவணை கேட்டான். தளபதி பசிலிஸ்கஸ் இசைந்தான். அதற்குள் காற்றுத் திசை மாற, வந்தாலரின் எரிகலங்கள் அக்கப்பற் கூட்டத்துள் புகுந்தன.

காற்று மாறாதிருந்தால்? கார்த்தேஜ் மீண்டால் வரி மீளும், வரி மீண்டால் படை மீளும் என எங்களிற் சிலர் வாதிட்டு, தாயக்கட்டையின் ஆறு முகங்களில் மூன்றை உரோமத்துக்கு அளிக்கக் கேட்டனர். ஏறத்தாழ முப்பதாண்டு அழிவுக்குப் பின் மீண்ட கார்த்தேஜும் எட்டிலொரு பங்கே தரும், அதற்காக நால்வரும் மீண்டும் பொருதுவர், ஒரு முகமே மிகை என்றனர் மற்றையோர். விதித்தாளில் அவ்விடம் இன்னும் நிரப்பப்படாமலே இருக்கின்றது.