ஜாதிக்காயும் முறுக்குக் கம்பியும்: திருவள்ளூர்க் கடற்கரையில் வணிகமும் போரும்

வணிக மனமும் போரும் ஒரே வீட்டில் நெடுநாள் குடியிருக்க முடியாது என்று ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் வாதிட்டது 1795-இல். அதே ஆண்டில்தான் ஆங்கிலேயர் திருவள்ளூர்க் கடற்கரையிலுள்ள பழவேற்காட்டை டச்சுக்காரர்களிடமிருந்து கைப்பற்றினர். இரு தரப்பும் வணிகக் கம்பெனிகள்; துணியும் மிளகும் வாங்கி விற்றுப் பழகியவை. கான்ட்டின் கருத்தை ஆங்கில எழுத்தாளர் நார்மன் ஏஞ்சல் 1910-இல் விரிவாக்கினார்: பின்னிப் பிணைந்த பொருளாதாரங்களுக்கிடையே போர் தொடுப்பவனுக்கு ஆதாயமே கிடையாது என்றார். நான்கே ஆண்டுகளில், 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்தது. ஏஞ்சல் போர் வராது என்று சொல்லவில்லை, வந்தால் பயனில்லை என்றுதான் சொன்னார் என அவரைக் காக்க வருவோர் உண்டு. சரிதான், ஆனால் பயனில்லாத காரியத்தை அரசுகள் செய்யா என்ற நம்பிக்கை அந்த வாதத்தின் அடியில் கிடந்தது.

நாடுகளின் பொருளாதாரப் பிணைப்பு போரைத் தடுக்குமா என்ற இந்தக் கேள்வியை ஐரோப்பியச் சான்றுகளைக் கொண்டே பெரும்பாலும் ஆராய்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரப் பட்டை இதற்கு நானூறு ஆண்டுச் சான்று வைத்திருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து கிழக்கே ஏறத்தாழ நேர்கோட்டில் சென்றால் பழவேற்காடு. வணிகத்தின் மொத்த அளவை வைத்து அமைதியைக் கணிக்க முடியாது. எந்தப் பொருள் எத்தனை இடங்களில் கிடைக்கிறது, நாளையும் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறதா என்பவையே கணக்கில் கொள்ள வேண்டியவை. இந்தப் பட்டையின் வரலாற்றிலிருந்து நான் பெறும் முடிவு இது.

டச்சுக்காரர்கள் 1610-இல் சந்திரகிரி மன்னர் இரண்டாம் வேங்கடரின் அனுமதியோடு பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தனர். அவர்களை இங்கே இழுத்தது இங்கு விளைந்த எதுவுமன்று. கிழக்கே மலுக்குத் தீவுகளின் கிராம்பும் பண்டாத் தீவுகளின் ஜாதிக்காயுமே. அத்தீவு மக்கள் ஐரோப்பியச் சரக்கைப் பெரிதாக மதிக்கவில்லை. சோழமண்டலக் கரையின் சாயத்துணியைக் கேட்டார்கள். துணி இல்லையேல் வாசனைப் பொருள் இல்லை. அதனால்தான் டச்சு அதிகாரி ஹெண்ட்ரிக் பிரவுவர் 1612-இலேயே சோழமண்டலத்தை மலுக்குவின் இடக்கைக்கு ஒப்பிட்டு எழுதினார். உள்நாட்டு நெசவாளர், அவர்களுக்கு முன்பணம் கொடுத்துத் துணி திரட்டிய செட்டி வணிகர், சுங்கம் பெற்ற ஆட்சியாளர், பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இருந்த டச்சுக் கம்பெனி, தீவுகளின் விவசாயி என ஒரே வலைக்குள் எல்லோரும் பிணைந்திருந்தனர். இன்றைய பொருளியலார் கேட்கும் பிணைப்பு இதைவிட எப்படி இருக்கும்?

அமைதி மட்டும் வரவில்லை. 1612-இல் சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுகீசியர் டச்சுப் பண்டகசாலையை அழித்தனர். அடுத்த ஆண்டே டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டை அங்கே எழுந்தது. பின்னர் அந்த ஊரிலேயே கம்பெனி வெடிமருந்துச் சாலை நடத்தி, ஆசியாவிலிருந்த தன் பிற தளங்களுக்கும் மருந்து அனுப்பியது. துணி மூட்டையும் வெடிமருந்துப் பீப்பாயும் ஒரே துறையிலிருந்து ஏறின. பஞ்ச காலங்களில் விற்கப்பட்ட ஆயிரக்கணக்கான மனிதர்களும் அதே துறையிலிருந்துதான் அடிமைகளாகப் பத்தாவியாவுக்குப் போனார்கள். வணிகம் மனிதரை மென்மையாக்கும் என்று 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு அறிஞர்கள் எழுதியபோது இத்துறையை அவர்கள் நினைத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

இதற்குள் ஒரு சோதனையும் நடந்தது. 1619-இல் லண்டனும் ஆம்ஸ்டர்டாமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: மிளகில் பாதியும், மலுக்குச் சரக்கில் மூன்றில் ஒரு பங்கும் ஆங்கிலேயருக்கு, பாதுகாப்புச் செலவு இருவருக்கும் பொது. அதன்படி 1621-இல் ஆங்கில வணிகர்கள் பழவேற்காட்டில் டச்சுக்காரர்களோடு குடியேறினார்கள். கூட்டு லாபம், கூட்டுச் செலவு. பகைக்கு எங்கே இடம்? ஆனால் அந்த ஆண்டிலேயே டச்சுத் தலைமை ஆளுநர் கூன் பண்டாத் தீவுகளைப் படைபலத்தால் பிடித்து மக்களைப் பெரும்பாலும் அழித்தார். ஜாதிக்காய் அன்று உலகில் அந்தச் சில தீவுகளில் மட்டுமே விளைந்தது. வேறெங்கும் வாங்க முடியாத ஒன்றை யார் பங்கு போடுவார்கள்? 1623-இல் மலுக்குத் தீவுகளில் ஒன்றான அம்போய்னாவில் பத்து ஆங்கிலேயரை டச்சுக்காரர்கள் சதிக்குற்றம் சாட்டிக் கொன்றனர். அதே ஆண்டு பழவேற்காட்டுக் கூட்டுக்குடித்தனமும் முடிந்தது. ஆங்கிலேயர் வடக்கே ஆர்மகானுக்குப் போய், அங்கும் நிலைக்காமல் 1639-இல் சென்னப்பட்டினத்துக்கு வந்தார்கள். சென்னை நகரின் பிறப்பில் இந்தத் தோல்விக்கும் பங்கு உண்டு.

ஒரே இடத்தில் விளையும் பொருள் போரை அழைக்கும் என்ற விதி மட்டும் போதுமென்று நினைத்தால் 1780 அதைத் தடுக்கிறது. அப்போது பிரிட்டிஷ் அரசுக் கடன் பத்திரங்களை வைத்திருந்த வெளிநாட்டவரில் டச்சு முதலீட்டாளர்களே முதலிடம். கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் அடித்துக்கொள்வார்களா? அடித்துக்கொண்டார்கள். டச்சு வணிகர் அமெரிக்கக் கிளர்ச்சியாளரோடு கரீபியத் தீவான சிண்ட் யூஸ்டேஷியஸ் வழியாக நடத்திய வணிகமே நான்காம் ஆங்கில-டச்சுப் போருக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. இரண்டு பேருக்கிடையே உள்ள பிணைப்பு மூன்றாமவரோடு உள்ள பிணைப்பால் அறுந்தது. 1781-இல் பழவேற்காடும் நாகப்பட்டினமும் ஆங்கிலேயர் கைக்குப் போயின. 1784 உடன்படிக்கைப்படி பழவேற்காடு திரும்பியது, நாகப்பட்டினம் திரும்பவில்லை. பழவேற்காடு 1795-இல் மறுபடி பறிபோய், 1818-இல் மறுபடி திரும்பி, 1824 உடன்படிக்கையின்படி 1825-இல் நிரந்தரமாக ஆங்கிலேயரிடம் சேர்ந்தது. ஊருக்குள் தொல்லியல் துறை காக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு நிற்கின்றன. உள்ளே துணிக்கணக்கு எழுதியவர்களும் படைவீரர்களும் அடுத்தடுத்துக் கிடக்கிறார்கள்.

இனி மேற்கே கும்மிடிப்பூண்டிக்கு. இங்கே தூண்டல் உலைகளில் ஸ்கிராப்பையும் பஞ்சு இரும்பையும் உருக்கி, பில்லெட்டாக வார்த்து, ரோலிங் மில்லில் இழுத்து முறுக்குக் கம்பி ஆக்குகிறார்கள். பழைய கார், உடைந்த பாலம், கழித்த இயந்திரம் எல்லாம் கன்டெய்னரில் வருகின்றன. வளைகுடாவிலிருந்தும், பிரிட்டனிலிருந்தும், அமெரிக்காவிலிருந்தும். ஒரு நாடு மறுத்தால் விலை ஏறும், உலை அணையாது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கி உருக்கு விலை கொதித்தபோது இந்திய அரசே மே மாதத்தில் உருக்குப் பொருள்களுக்கு 15 சதவீத ஏற்றுமதி வரி போட்டு, நவம்பரில் விலக்கியது. அடி விழுந்தது, ஆனால் ஸ்கிராப்புக்காக யாரும் யாரையும் மிரட்டவில்லை.

சீனாவோடு நிலைமை வேறு. 2020 ஜூன் 15-இல் கல்வான் மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். வணிகப் பிணைப்பு மோதலைத் தடுக்கவில்லை. துப்பாக்கி வெடிக்காததற்கும் வணிகம் காரணமன்று. எல்லைக்கோட்டருகே துப்பாக்கிப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் 1996 உடன்பாடே காரணம். மோதலை அடுத்த நாட்களில் சென்னைத் துறைமுகத்தில் சீனச் சரக்குகள் முழுச் சோதனைக்காக நின்றன. கார், மின்னணுத் தொழிற்சாலைகள் உதிரிப்பாகத்துக்காகக் காத்திருந்தன. பிறகு நடந்ததைப் பாருங்கள்: 2019-20-இல் சுமார் 65 பில்லியன் டாலராக இருந்த சீன இறக்குமதி 2024-25-இல் சுமார் 113 பில்லியனானது, நம் ஏற்றுமதியோ 14 பில்லியன். பகையும் வணிகமும் சேர்ந்தே வளர்ந்தன. 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, இந்திய வாகனத் தொழில் தவித்தது. ஜாதிக்காய் நிலைக்கு வந்த பொருள் அது.

எதிர்ச்சான்று ஒன்றும் இங்கேயே இருக்கிறது. 1943-இல் ஜப்பானிய விமானம் சென்னை மீது குண்டு வீசியது. இன்று கும்மிடிப்பூண்டிப் பக்கம் மகிந்திராவும் ஜப்பானின் சுமிடோமோவும் கூட்டாக நடத்தும் தொழிற்பூங்காவில் ஜப்பானிய ஆலைகள் வருகின்றன. வணிகம் அமைதி தந்ததற்கு இதை உதாரணம் காட்டுவார்கள். வரிசை தலைகீழ். 1952-இல் இந்தியா ஜப்பானோடு தனி அமைதி உடன்படிக்கை செய்து, போர் இழப்பீட்டையும் வேண்டாமென்று விட்டது; ஆலைகள் பல பத்தாண்டுகள் கழித்தே வந்தன. வணிகத்துக்கும் அமைதிக்கும் உள்ள உறவை எண்களால் மட்டும் அளப்போர் இடறும் இடம் இது. வருங்கால வணிகம் பற்றிய எதிர்பார்ப்பே போரா அமைதியா என்பதை முடிவு செய்கிறது என்று 1996-இல் எழுதிய அமெரிக்க அரசியல் அறிஞர் டேல் கோப்லேண்டின் வாதம் இந்தச் சான்றுகளோடு நன்றாகப் பொருந்துகிறது.

எந்தெந்தத் தொழிற்சாலை எந்த மூலப்பொருளுக்கு ஒரே ஒரு நாட்டை நம்பியிருக்கிறது என்று திருவள்ளூர் மாவட்டத் தொழில் மையமும் சிப்காட்டும் சேர்ந்து ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். அடுத்த எல்லைத் தகராறுக்கு முன்னால் எடுத்தால் நல்லது.