மெமரீஸ் ஆஃப் மர்டர்

பொங் ஜூன்-ஹோ இயக்கி 2003இல் வெளிவந்த தென்கொரியத் திரைப்படம். 1986 முதல் 1991 வரை ஹ்வாசோங் பகுதியில் பெண்களும் சிறுமிகளுமாகப் பத்துப் பேர் கொல்லப்பட்ட வழக்கைத் தழுவியது. சோங் காங்-ஹோவும் கிம் சாங்-கியுங்கும் துப்பறிவாளர்களாக நடித்தனர். கொலைகாரனைத் தேடும் கதை என்றாலும், படம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது காவல்துறையைத்தான். கிடைத்த ஒரே காலடித் தடத்தின் மீது டிராக்டர் ஏறிப்போகிறது. சந்தேகப்பட்டவர்களை அடித்து உதைத்து வாக்குமூலம் வாங்குகிறார்கள். இன்னொரு கொலை நடக்கப்போகும் இரவில் கூடுதல் ஆள் கேட்டால், எல்லோரும் ஆர்ப்பாட்டத்தை ஒடுக்கப் போயிருப்பதாகப் பதில் வருகிறது. சுன் டூ-ஹ்வானின் சர்வாதிகாரம் மக்களை அடக்கப் பழக்கிவைத்த படைக்கு, அவர்களைக் காக்கத் தெரியவில்லை.

அன்று மரபணுச் சோதனைக்கு வெளிநாட்டை நம்பியிருந்த நாட்டில் காவலர்கள் வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். வசதிக்குறைவு உண்மைதான், ஆனால் சித்திரவதைக்கு அது காரணமாகாது. உண்மைக் கொலையாளி 2019இல் மரபணுவால் அடையாளம் காணப்பட்டபோது, வேறொரு கொலைக்காக ஏற்கெனவே சிறையில் இருந்தான். விடை தெரிந்ததும் படம் பழசாகிவிடவில்லை. அதன் குற்றச்சாட்டு மேலும் வலுத்தது. எட்டாவது கொலையைத் தானே செய்ததாகக் காவலர்களின் கொடுமைக்குப் பணிந்து ஒப்புக்கொண்டு, சுமார் 20 ஆண்டுகள் சிறையில் கழித்த ஒருவரை, மறுவிசாரணை நடத்திய நீதிமன்றம் 2020இல் நிரபராதி என விடுவித்தது.