குடும்பச் சுற்றுலாத் தங்குமிடங்கள்

குடும்பச் சுற்றுலாத் தங்குமிடம் என்பது குழந்தைகள், பெற்றோர், தாத்தா பாட்டி எனப் பல வயதினர் ஒன்றாகப் பயணம் போகும்போது இரவு தங்குகிற இடம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் லாட்ஜ், அரசு ஓட்டல், காட்டேஜ், ஹோம்ஸ்டே, பாரம்பரிய மாளிகை, படகுவீடு, வன விடுதி, கோயில் விடுதி எனப் பல வகைகள் உள்ளன. தனியாகப் போகிறவருக்கு ஒரு கட்டிலும் பூட்டக்கூடிய கதவும் போதும். குடும்பத்துக்கு நள்ளிரவில் பால் சுட வைக்க வழி வேண்டும், முழங்கால் வலியோடு ஏறக்கூடிய படி வேண்டும், விடிகாலையில் வெந்நீர் வேண்டும். ஆகவே தங்குமிடத்தின் நட்சத்திரத்தைப் பார்ப்பதற்கு முன், உடன் வருபவர்களில் மிக மூத்தவரும் மிகச் சின்னவரும் அங்கே சிரமமில்லாமல் இருப்பார்களா என்று பார்ப்பதே சரியான தேர்வு முறை.

வரலாறு

தமிழகத்தில் குடும்பப் பயணம் நெடுங்காலம் தல யாத்திரையாகவே இருந்தது. அதற்கான தங்குமிடம் சத்திரம். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் பெயரில் சத்திரம் உள்ளது. தஞ்சை மராத்திய மன்னர்கள் இராமேசுவரம் போகும் வழியில் பல சத்திரங்களைக் கட்டினர். அவற்றில் இரண்டாம் சரபோஜி காலத்து ஒரத்தநாடு முத்தம்பாள் சத்திரம் பெயர் பெற்றது. நகரத்தார் காசி வரை விடுதிகள் அமைத்தனர். சத்திரங்கள் இடத்தோடு சோறும் தந்தன. ஆனால் சாதி பார்த்து இடம் ஒதுக்கும் வழக்கமும் பல சத்திரங்களில் இருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் அதிகாரிகளின் சுற்றுப்பயணத்துக்காகப் பயணியர் மாளிகைகள் எழுந்தன. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971-இல் தொடங்கப்பட்டது. அதன் 'ஓட்டல் தமிழ்நாடு' விடுதிகளால், நடுத்தரக் குடும்பங்களுக்கு மலையூர்களிலும் கோயில் ஊர்களிலும் கட்டுப்படியாகும் விலையில் அறை கிடைத்தது. கைப்பேசி முன்பதிவு பரவிய பிறகு வீட்டு உரிமையாளர்களும் தங்கள் அறைகளை நேரடியாக வாடகைக்கு விடத் தொடங்கினர்.

வகைகள்

லாட்ஜும் ஓட்டலும்: பகல் முழுவதும் ஊர் சுற்றி, இரவில் தூங்க மட்டும் திரும்பும் குடும்பத்துக்கு இவை ஏற்றவை. இந்தியச் சுற்றுலா அமைச்சகம் ஓட்டல்களை ஒரு நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திர டீலக்ஸ் வரை வகைப்படுத்துகிறது. ஒரு டபுள் ரூமில் நான்கு பேர் நெருக்கிப் படுப்பதைவிட, ஃபேமிலி ரூமோ, உள்கதவால் இணைந்த இரண்டு அறைகளோ நல்லது. குழந்தை ஒன்பது மணிக்குத் தூங்கிவிட்டால், மற்றவர்கள் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

கோயில், தேவாலய விடுதிகள்: பழனி, திருச்செந்தூர், திருப்பதி, வேளாங்கண்ணி போன்ற தலங்களில் நிர்வாகங்களே விடுதி நடத்துகின்றன. வாடகை குறைவு, சன்னிதி பக்கம். விழாக் காலத்தில் இடம் கிடைப்பது அரிது. ரயிலில் வருவோருக்கு நிலைய ஓய்வறைகளும் உண்டு. அவற்றுக்கு உறுதியான அல்லது ஆர்.ஏ.சி. பயணச்சீட்டு வேண்டும். அதிகாலையில் இறங்கிக் குளித்துவிட்டு தரிசனத்துக்குப் போக அவை உதவும்.

வாடகை வீடும் சர்வீஸ் அபார்ட்மென்டும்: சமையலறையே இவற்றின் பலம். குற்றாலத்தில் சீசன் நாட்களில் வீடுகளையே நாள் வாடகைக்கு விடுகிறார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போய், ஈரத் துணியோடு திரும்பி, தட்டில் சூடான சோறு சாப்பிடும் குடும்பத்துக்கு அந்த வீடு ஓட்டல் அறையைவிட வசதி. ஈரத்துணி காயக் கொடி, மிக்ஸி, பாத்திரம், எரிவாயு ஆகியவை இருக்கின்றனவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கைக்குழந்தை, சர்க்கரை நோயாளி, பத்தியம் இருப்பவர் உடன் வந்தால் இந்த வகையே முதல் தேர்வு.

ஹோம்ஸ்டே: உரிமையாளர் குடும்பம் வசிக்கும் வீட்டில் விருந்தினருக்கும் அறை தருவது. சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் பதிவு பெறும் வீடுகள் ஒன்று முதல் ஆறு அறைகள் வரை வாடகைக்கு விடலாம். அந்த ஊர்ச் சமையலும், பக்கத்து வழிகளைச் சொல்லித் தரும் ஆளும் கிடைப்பது இதன் நன்மை. இரவு சத்தம், சமையலறைப் பயன்பாடு போன்றவற்றில் அந்த வீட்டு முறைக்கு நாம் ஒத்துப்போக வேண்டும்.

பாரம்பரிய மாளிகை: காரைக்குடி, கானாடுகாத்தான் ஊர்களின் நகரத்தார் வீடுகள் சில இன்று விடுதிகளாகியுள்ளன. பர்மா தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தளம், வானம் தெரியும் வளவு ஆகியவற்றில் குழந்தைகள் ஓடி விளையாட இடம் இருக்கிறது. ஆனால் தெருவிலிருந்து முகப்புக்கு ஏறப் படிகள் உண்டு. வாசற்படிகள் உயரமானவை, மாடிப்படிகள் செங்குத்தானவை. மூட்டுவலி உள்ள பெரியவரோடு போனால் தரைத்தள அறையைக் கேட்டு வாங்க வேண்டும். மத்திய அரசின் பாரம்பரிய ஓட்டல் பிரிவில் 1950-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களே சேர முடியும்.

மலைக் காட்டேஜ்: ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்திலும் உள்ளன. குளிர்காலத்தில் ஊட்டியில் உறைபனி விழும். அறையில் ஹீட்டர், கம்பளி, வெந்நீர் வரும் நேரம் ஆகியவற்றை முன்பே கேட்க வேண்டும். காட்டேஜ்கள் பெரும்பாலும் சரிவில் இருப்பதால் கார் வாசல் வரை வருமா என்பதும் முக்கியம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வாகனங்களுக்கு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது.

வன விடுதி: டாப்சிலிப், முதுமலை போன்ற இடங்களில் வனத்துறை விடுதிகள் உள்ளன. இருட்டிய பின் வெளியே நடமாடக் கூடாது. கடை கிடையாது, மருத்துவமனை தொலைவில் இருக்கும். கொஞ்சம் வளர்ந்து, சொன்னதைக் கேட்கும் வயதில் உள்ள பிள்ளைகளுக்கு இது மறக்க முடியாத இடம். தவழும் குழந்தையோடு போகிறவர்கள் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கலாம்.

படகுவீடு: ஆலப்புழையின் கெட்டுவள்ளம் ஒருகாலத்தில் நெல் ஏற்றிச் சென்ற படகு. பலகைகளை ஆணி அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டிச் செய்ததால் அந்தப் பெயர். பொதுவாக நண்பகலில் ஏறி மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இறங்க வேண்டும். மாலை ஐந்தரை மணி வாக்கில் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள், அதன்பின் காயல் மீனவர்களின் வலைகளுக்கு. சில படகுகளில் ஏ.சி. இரவு மட்டுமே ஓடும். சாப்பாடு படகிலேயே சமைத்துத் தருவார்கள். நடக்கப் பழகும் குழந்தை இருந்தால், முன்தளத்தின் கம்பித் தடுப்பில் குழந்தை நுழையும் அளவுக்கு இடைவெளி உண்டா என்று நேரில் பார்த்த பிறகே ஏற வேண்டும். குழந்தை அளவில் உயிர்காப்பு அங்கி உள்ளதா என்றும் கேட்க வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் அளவுகோல்கள்

உடல்நிலை: படிகள், லிஃப்ட், மேற்கத்தியக் கழிப்பறை, வழுக்காத குளியலறைத் தளம் ஆகியவை பெரியவர்களின் சுற்றுலாவை ஆக்கவும் கெடுக்கவும் செய்யும். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு இருந்தாலே விழும் ஆபத்து குறையும்.

வந்து சேரும் வழி: ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி எடுத்துச் சோர்ந்து வரும் குழந்தைக்கு, ஊரிலிருந்து இன்னும் பத்து கிலோமீட்டர் கரடுமுரடான பாதையில் போக வேண்டிய எஸ்டேட் பங்களா எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் நாளுக்கு ஆகாது.

அறையில் கழியும் நேரம்: ஒரே இரவு என்றால் சுத்தமான லாட்ஜ் போதும். மூன்று நாள் ஓய்வெடுக்கவே போகிறவர்கள் திண்ணையோ புல்வெளியோ உள்ள இடத்துக்குக் கூடுதலாகச் செலவிடுவதில் தவறில்லை.

கட்டணமும் விதிகளும்

மலையூர்களில் ஏப்ரல் முதல் ஜூன் வரை சீசன் கட்டணம் உயரும். குற்றாலத்தில் ஜூன் முதல் தென்மேற்குப் பருவக்காற்றின் சாரலோடு சீசன் தொடங்குகிறது. விலைப்பட்டியலில் சில சுருக்கங்கள் வரும். இ.பி. என்றால் அறை மட்டும். சி.பி. என்றால் காலை உணவு சேர்ந்தது. எம்.ஏ.பி. என்றால் காலை உணவோடு மதியமோ இரவோ ஒரு வேளைச் சாப்பாடு. ஏ.பி. என்றால் மூன்று வேளையும். சின்னக் குழந்தைகள் நிறைந்த குடும்பத்துக்கு ஏ.பி. திட்டம் பல நேரம் வீண், ஏனெனில் இரண்டு இட்லியோடு எழுந்துவிடும் பிள்ளைக்கும் முழுச் சாப்பாட்டுக் கணக்கு வரக்கூடும்.

ஒரு நாளைக்கு ரூ. 7,500 வரையிலான அறை வாடகைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். ரூ. 3,000 அறைக்கு வரியோடு ரூ. 3,150 ஆகும். எக்ஸ்ட்ரா பெட் கட்டணமும், எந்த வயதுவரை குழந்தைக்குக் கட்டணமில்லை என்பதும் விடுதிக்கு விடுதி மாறும்.

பெரியவர்கள் அடையாள அட்டை காட்ட வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் உடன் தங்கினால், விடுதி 24 மணி நேரத்துக்குள் அந்தத் தகவலை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். செக்-அவுட் சில இடங்களில் நண்பகல் 12 மணி, சில இடங்களில் வந்ததிலிருந்து 24 மணி நேரம். இரவு பத்து மணிக்குச் சென்றடையும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு அரை நாள் வாடகைக்குச் சமம்.

முன்பதிவுக்கு முன்

இணையத்தில் காணும் படங்கள் அறையைப் பெரிதாகக் காட்டும். விடுதிகளின் பெயரில் போலி இணையதளங்களும் பணம் பறிக்கின்றன. ஆகவே முன்பணம் அனுப்பும் முன் விடுதிக்கே தொலைபேசியில் பேசுவது நல்லது. வெந்நீர் எப்போது வரும், இரவில் பால் சுட வைத்துத் தருவார்களா, பக்கத்தில் மருத்துவர் எங்கே, வாசலிலிருந்து அறை வரை எத்தனை படி என்று கேட்க வேண்டும். "கொஞ்சம்தான் சார், ஏறிடலாம்" என்ற பதிலை நம்பி முதியவரை அழைத்துப் போக முடியாது. "பதினொரு படி, கைப்பிடி இருக்கு, வேண்டுமானால் கீழ் அறை தருகிறோம்" என்று சொல்பவர், தம் விடுதிக்கு வந்த பெரியவர் யாரோ ஒருவர் படியேறத் திணறியதைக் கவனித்து வைத்திருப்பவர். அவரிடம் அறை எடுக்கலாம்.