வெளிறிய வானம்

கடற்கரையில் நிற்பவனுடைய கண் அலையையும் காணும். அதன்மேற் கவிந்த முகிலையும் காணும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒளிப்படக் கலையை வளர்த்தோர்க்கோ, இவ்விரண்டையும் ஒரே தகட்டிற் பிடித்தல் அரிதாயிருந்தது. நிலம் தெளிந்தால் வானம் வெறும் வெள்ளைத் தாளாயிற்று. முகிலைப் பிடித்தால் நிலம் இருளில் மூழ்கியது.

இக்குறை தகட்டின் இயல்பால் விளைந்தது. 1851இல் பிரெடரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டின்மீது படிந்த வெள்ளி உப்புகள் நீல ஒளியை விரைந்து ஏற்றன. பச்சை, சிவப்பு நிறங்களை ஏறக்குறைய உணரவே இல்லை. ஆதலால், மரஞ்செடிகள் பதியும்வரை தகட்டைத் திறந்து வைத்தால், நீலவானம் அளவுக்கு மிஞ்சிப் பதிந்துவிடும். அப்போது வெண்முகிலுக்கும் நீலவானுக்கும் வேறுபாடு எஞ்சுவதில்லை.

முகிலுக்கெனத் தனியாக ஓர் எதிர்ப்படம் எடுத்து, அதனையும் சேர்த்து அச்சிடலாம் என்னும் யோசனையை 1852இல் பிரான்சு நாட்டு இப்போலித் பயார் கூறினார். அதனைப் பெருங்கலையாக உயர்த்தியவர் குஸ்தாவ் லெ கிரே. ஓவியப் பயிற்சி பெற்ற அவர், 1856, 1857ஆம் ஆண்டுகளில் நோர்மண்டிக் கரையிலும், மத்தியதரைக் கடலோரத்துச் செத் நகரிலும் கடற்காட்சிகளை எடுத்தார். அவற்றுட் பலவற்றில், கடலுக்கு ஒரு தகடும் வானுக்கு ஒரு தகடுமாகக் கொண்டு, இரண்டையும் அடிவானக் கோட்டிற் பொருத்தி அச்சிட்டார். நேர்கோடாக அமைந்த அடிவானம் பொருத்து வாயை மறைத்தது. கிளைவிரித்த மரங்கள் நிற்கும் நிலக்காட்சியில் இவ்வேலை எளிதன்று.

அப்படங்கள் பெரும்புகழ் பெற்றன. ஆயினும், அவருடைய ஒரே வானம் வெவ்வேறு கடல்களின்மேல் தோன்றியதும் உண்டு. இங்கேதான் வினா எழுகிறது: ஒளிப்படம் சாட்சியா, சித்திரமா? இரு தகடுகளை இணைத்து அச்சிடும் வழக்கம் அக்காலத்திலேயே வாதங்களைக் கிளப்பியது. ஒரு தகடு காணமாட்டாததைக் கண் கண்டது. எனவே வானத்தைச் சேர்த்தல் கண்ணுக்குச் செய்யும் நீதி எனலாம். ஆனால், அந்நாளில் அவ்விடத்தில் இல்லாத முகிலைச் சேர்த்தல் நீதியாகுமா?

பிற்காலத்தில் அறிவியல் வேறு வழி காட்டியது. 1873இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஃபோகல், சாயங்களைச் சேர்த்தாற் தகடு பச்சை ஒளியையும் உணரும் எனக் கண்டார். 1906இல் எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. மஞ்சள் வடிகண்ணாடி நீலவானைச் சற்றே கருமையாக்கி, முகிலை எடுத்துக்காட்டியது.

எண்முறைக் கமெராவிலும் ஒளி மிகுந்தால் வானம் வெளிறும். சிறிதளவேனும் பதிவு எஞ்சியிருந்தால் மென்பொருள் அதனை மீட்டுத்தரும்; முற்றாக அழிந்ததை மீட்க இயலாது. அவ்வேளையில் வேறொரு வானத்தையே கொண்டுவர வேண்டும். 2020இல் அடோபி போட்டோஷொப் இதனைத் தானே செய்யும் வசதியைப் பெற்றது. லெ கிரே இருட்டறையில் அரிதின் முயன்று செய்த வேலை சில நொடிகளுள் முடிகின்றது. மீட்ட வானமா, இரவல் வானமா என்பதைப் பார்ப்போனுக்கு உரைக்கும் கடமை மட்டும் இன்னும் மனிதனிடமே இருக்கின்றது.