சிறுமலைப் பாதையில் யார் நடந்தார்கள்?

சின்னாளப்பட்டியில் நின்று கிழக்கே பார்த்தால் சிறுமலை தெரியும். திண்டுக்கல்லிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை ஒன்று மேலே போகிறது. அது வண்டிக்காரர்களின் வழி. அடிவாரத்து ஊர்களிலிருந்து செங்குத்தாக ஏறும் ஒற்றையடித் தடங்களை யாரும் திட்டம் போட்டு அமைக்கவில்லை. ஆடு மேய்த்தவர்களும், சும்மாடு வைத்து விறகுக்கட்டு சுமந்த பெண்களும் நடந்து நடந்து விழுந்த தடங்கள் அவை. விடுமுறை நாளில் 'டிரெக்கிங்' கிளம்பும் நம் மாணவத் தோழர்களுக்கு இந்த வரலாறு தெரிய வேண்டும் என்று நினைக்கிறோம்.

1882இல் சென்னை மாகாண வனச்சட்டம் வந்தது. காப்புக்காடு என்று அறிவித்த இடத்தில் அனுமதியின்றி நுழைவதும், ஆடு மாடு மேய்ப்பதும், மரம் வெட்டுவதும் குற்றமாயின. வெள்ளைக்கார அரசுக்குக் காடு என்றால் மரமும் வருமானமும்தான். சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாத சேரி மக்களுக்கு அடுப்பெரிக்க வேறு வழி ஏது? நேற்றுவரை விறகு பொறுக்கியவள் ஒரே கையெழுத்தில் திருடியானாள்.

சுமையோடு இறங்கி வந்தால் இன்னொரு தடை காத்திருந்தது: ஊர்த்தெரு. காட்டில் வனக்காவலர் என்றால், தெருவில் ஆதிக்க சாதி. இந்த இரண்டாவது தடையைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுபோனவர் இரட்டைமலை சீனிவாசன் (பெயரிலேயே மலை இருக்கிறது). 1924 ஆகஸ்டில், பொதுச்சாலை, தெரு, நடைபாதை எதிலும் யாரும் நடக்கலாம், பொதுக்கிணறும் பொது இடங்களும் எல்லோருக்கும் உரியவை என்று சென்னை சட்டமன்றத்தில் அவர் தீர்மானம் கொண்டுவந்தார். நிறைவேறியது. அடுத்த மாதமே அரசாணையும் வந்தது. அதே ஆண்டு நடந்த வைக்கம் போராட்டம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, இந்த அரசாணை எத்தனை பேருக்குத் தெரியும்? அது ஊரில் எப்படி நடைமுறையானது என்பது வேறு கதை. செருப்பு போட்டு நடந்ததற்காக இன்றும் அடி விழுகிற நாடு இது.

அந்த ஆணை தெருவைத் திறந்தது. மலையைத் திறக்கவில்லை.

இப்போது காட்டுப் பாதைக்கு டிக்கெட் உண்டு. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை இணைய முன்பதிவோடு திறந்தது. பழங்குடி இளைஞர்களுக்கு வழிகாட்டி வேலை கிடைத்திருப்பதை வரவேற்கிறோம். ஆனால் பணம் கட்டி நடப்பவர் விருந்தாளி, விறகுக்கு நடப்பவர் குற்றவாளி என்ற பழைய கணக்கு மட்டும் மாறவில்லை.

2006 வன உரிமைச் சட்டம் இதைத் திருத்த வந்ததுதான். அதிலும் நமக்கு ஒரு முள் இருக்கிறது. பட்டியல் பழங்குடி அல்லாதவர்கள், 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பட்டா, ரசீது என்று எதையும் கையில் தராமலேயே வைத்திருந்த சமூகத்திடம் 75 ஆண்டுச் சான்று கேட்டால் எங்கே போவது?

ஒரு வழி அந்தச் சட்டத்தின் விதிகளிலேயே இருக்கிறது. உரிமை கோருபவர் அல்லாத ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வைத்தால், அதையும் சான்றுகளில் ஒன்றாக ஏற்க வேண்டும். அதனால் அடுத்த முறை அடிவாரம் போகும்போது நோட்டு ஒன்று கொண்டு போங்கள். எந்தத் தடத்தில் ஏறினார்கள், எந்தப் பாறையில் சுமையை இறக்கி வைத்தார்கள், எந்த ஓடையில் தண்ணீர் குடித்தார்கள், யார் தடுத்தார்கள் என்று கிழவிகளிடம் கேளுங்கள். பெயர், வயது, தேதியோடு எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். உரிமை மனுக்களை முதலில் பரிசீலிப்பது கிராம சபைதான். அந்த நோட்டை அங்கே கொண்டு போக வேண்டும்.