வடமராட்சிக் கரையோரத்தில் மருத்துவ ஆய்வும் ஆய்வு அறமும்

மணற்காடு, பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே மணல் திட்டிகளுக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மீனவக் கிராமம். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பிறகு, உலக உளமருத்துவ ஆய்விதழ் ஒன்றில் அதன் பெயர் அச்சானது. மனிதரை வைத்து நடக்கும் மருத்துவ ஆய்வு எப்படி நடக்க வேண்டும், அதற்கு மக்கள் தரும் சம்மதம் எந்த அளவுக்குச் சம்மதம் என்ற கேள்விகள் இலங்கையில் கூர்மையடைந்ததில் இக்கரையோரத்தின் அனுபவத்துக்கும் பங்குண்டு.

யாழ்ப்பாணத்தில் மேலை மருத்துவத்தின் வரலாறு 1847இல் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனை நடுவில் வைத்தே பேசப்படுகிறது. மானிப்பாயைத் தளமாகக் கொண்டு 1873 வரை பணியாற்றிய காலத்தில் அவர் 60க்கும் மேற்பட்டவர்களை மருத்துவராகப் பயிற்றுவித்தார். உடற்கூற்றையும் இரண வைத்தியத்தையும் தமிழில் நூலாக்கி, தமிழிலேயே கற்பித்தார். தன் உடலுக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்பதைத் தாய்மொழியில் கேட்டு விளங்கிக்கொள்ள முடியாத ஒருவர் தரும் சம்மதம் பெயரளவில்தான் நிற்கும். ஆய்வு அறம் என்று ஒரு துறை பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே அதற்கான அடித்தளம் இங்கு இடப்பட்டிருந்தது. பின்னர் வந்த பலர் அதன்மேல் கட்டவில்லை.

நாசி மருத்துவர்கள் கைதிகளின் உடலில் செய்த கொடுமைகளை விசாரித்த நூரம்பெர்க் நீதிமன்றம் 1947இல் வகுத்த நெறிகளும், உலக மருத்துவச் சங்கத்தின் 1964ஆம் ஆண்டு ஹெல்சிங்கி பிரகடனமும் உலக அளவில் விதிகளை எழுதின. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. அதைத் தொடர்ந்து வந்த போர்க்காலத்தில் ஆய்வாளரும் ஆய்வுக்கு உட்பட்டவரும் ஒரே குண்டுவீச்சுக்கு ஒதுங்கினார்கள். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் சா. சிவயோகனும் 98 பொதுமக்களிடம் நடத்திய ஆய்வு 1994இல் வெளியானது. போரின் நெருக்கீடு எதையும் சந்திக்காதவர்கள் அதில் 6 வீதத்தினரே. 27 வீதத்தினரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் காணப்பட்டது. கேட்டவர்கள் அயலவர்கள், கேட்டுவிட்டுப் போகவும் அவர்களுக்கு வேறிடம் இல்லை. பிற்கால ஆய்வுகள் பலவற்றிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது இந்த இருப்புதான்.

ஆழிப்பேரலை யாழ் மாவட்டத்தில் 2,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. வடமராட்சி கிழக்கின் கரையோரத்தில் வாடியும் வள்ளமும் வலையும் ஒரே காலையில் போயின. பாடசாலைகளும் கோயில் மண்டபங்களும் அகதி முகாம்களாயின. நிவாரண லொறிகளுடன் கேள்விக்கொத்துகளும் வந்தன. மூன்று, நான்கு கிழமைகளுக்குள் மணற்காடு, கொஸ்கொட, காலி ஆகிய மூன்று இடங்களில் 264 பிள்ளைகளிடம் ஜேர்மனியின் கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங்க் நொய்னரும் குழுவினரும் தமிழிலும் சிங்களத்திலும் நேர்காணல் நடத்தினர். ஆழிப்பேரலையால் வந்த மனவடு நோய் இடத்துக்கு இடம் 14 வீதத்திலிருந்து 39 வீதம்வரை இருந்தது. முன்னர் பட்ட துன்பம் பிள்ளைகளை இன்னும் எளிதில் நோய்க்கு ஆளாக்கியது என்பதும் 2006இல் வெளிவந்த அந்த ஆய்வின் முடிவு.

அதே அவசர காலத்தில் வடகிழக்கின் ஒரு முகாமில் சிகிச்சைப் பரிசோதனை ஒன்றும் நடந்தது. கிளவுடியா கட்டானியும் குழுவினரும் 2009இல் வெளியிட்ட அந்த ஆய்வில் 31 பிள்ளைகள் எழுமாறாக இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பகுதியினர் தமக்கு நேர்ந்ததைத் தொடக்கத்திலிருந்து கதையாகச் சொல்லி, பயத்தை மீண்டும் எதிர்கொள்ளும் ஆறு அமர்வுகளுக்கு வந்தனர். மறுபகுதியினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு அமர்வுகளில் கற்பிக்கப்பட்டன. இரண்டையும் நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள். ஆறு மாதத்தின் பின் முதற்பகுதியில் 81 வீதமும் இரண்டாவதில் 71 வீதமும் குணமடைந்திருந்தனர். வித்தியாசம் புள்ளிவிபரப்படி பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. மூச்சுப் பயிற்சி, செபமாலை, மந்திர உச்சாடனம் போன்ற உள்ளூர் வழிகளையும் சிகிச்சையில் சேர்க்கவேண்டும் என்று சோமசுந்தரம் வாதாடி வந்தவர் என்பதை இங்கே நினைவிற் கொள்ளவேண்டும்.

சிகிச்சை பெறாத பிள்ளைகளின் குழு இந்த ஆய்வில் இல்லை. காலத்தோடு தானாக ஆறியது எவ்வளவு என்பதை அதனால் அறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கடலுக்குத் தாயைக் கொடுத்த பிள்ளையைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்துவிட்டு அளவெடுப்பதை எந்த ஊர் பொறுக்கும்? ஆய்வுத் துல்லியம் இங்கே விட்டுக்கொடுத்தது சரியானதே.

எல்லா ஆய்வுகளும் இந்தக் கவனத்துடன் நடக்கவில்லை. ஆய்வாளர்கள் பேரிடர் களத்தில் நடந்துகொள்ளும் விதம் பற்றி அத்துல சுமதிபாலவும் சிசிர சிறிபத்தனவும் 2005இல் லான்செட் இதழில் எழுதினர். அவர்கள் முன்னின்ற தெற்காசியச் செயற்குழு, பேரிடர்க்கால ஆய்வுக்கான அறநெறிகளை 2007இல் வரைந்தது. முகாமில் சம்மதம் பெறுவதுதான் இதில் மிகக் கடினமான இடம். விதானையார் பெயர் பதிய வருகிறார், தொண்டு நிறுவனத்தார் வருகிறார்கள், ஆய்வாளரும் வருகிறார். எல்லார் கையிலும் ஒரு படிவம். எந்தக் கையொப்பத்துக்கு அரிசி வரும், எதற்கு வராது என்பது வரிசையில் நிற்பவருக்குத் தெரியாது. மறுத்தால் நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டுவிடுமோ என்ற பயம் இருக்கும்வரை அந்தக் கையொப்பத்தைச் சம்மதமாகக் கொள்ள முடியாது.

சட்டம் மெதுவாகவே வந்தது. மருத்துவப் பரிசோதனைகளைப் பதியும் இலங்கைப் பதிவேடு 2006இல் தொடங்கியது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் மருந்துப் பரிசோதனைகளைத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் அனுமதிக்குக் கீழ் கொண்டுவந்தது. உளவளத்துணை மருந்து அல்லாததால், மணற்காடு போன்ற இடங்களில் நடப்பவற்றைக் காக்கவேண்டிய பொறுப்பு பெரும்பாலும் பல்கலைக்கழக அறக்குழுக்களின் தலையில்தான் இருக்கிறது.

பரிசோதனை மீதான பொதுமக்களின் மனநிலை இதற்குள் பலவாறு மாறியுள்ளது. 2009 யூலை முதல் செப்டெம்பர் வரை யாழ் மாவட்டத்தில் நடந்த உளநல ஆய்வு ஒன்றுக்கு அணுகப்பட்ட 1,517 குடும்பங்களில் 92 வீதத்தினர் இணங்கினர். போர் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்த, இராணுவம் சூழ்ந்த மாவட்டத்தில் இந்த இணக்கத்தை முழு நம்பிக்கையாக வாசிப்பது அவசரம். மறுபுறம், 2020 டிசம்பரில் கேகாலையில் தம்மிக்க பண்டார என்பவர் கொடுத்த கொரோனாப் பாணிக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். முறையான பரிசோதனை எதையும் அது கடந்திருக்கவில்லை. முகம் பார்த்துத் தம் மொழியில் பேசியவரை நம்புவது மக்களின் இயல்பு. அந்த இடத்தை அறிவியல் வெறுமையாக விட்டால் யாரும் வந்து நிரப்பலாம்.

ஆய்வுக்கு உட்பட்டவர்களுக்கு அதன் பொதுவான முடிவுகளை அறியும் வாய்ப்பு அளிக்கப்படவேண்டும் என ஹெல்சிங்கி பிரகடனத்தின் 2013ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. பொதுச் சுகாதார அவசர நிலைகளிலும் இந்நெறிகள் தளரக்கூடாது என்று 2024 ஒக்டோபர் திருத்தம் சேர்த்தது. மணற்காட்டுப் பிள்ளைகள் பற்றிய கட்டுரை ஆங்கில ஆய்விதழில்தான் வெளிவந்தது. அன்று கேள்விக்குப் பதில் சொன்ன அந்தப் பிள்ளைகள் இன்று பெரியவர்கள். தம்மைப் பற்றி எழுதப்பட்டதைத் தமிழில் கேட்டு வாங்க அவர்களுக்கு உரிமை உண்டு. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் கடமை ஆய்வு செய்தவர்களுக்கும் அவர்களுக்கு அனுமதி அளித்த நிறுவனங்களுக்கும் இருக்கிறது.