சிஸ்வொரோவின் பேய்களும் கடைசிப் பத்து நிமிடமும்

சிஸ்வொரோ கௌதம புத்ரா. பெயரைக் கேட்டால் காசிப் பக்கத்துப் பண்டிதர் போலிருக்கிறது அல்லவா? ஆள் இந்தோனேசியர். பேய்ப் படமும் அடிதடிப் படமும் எடுத்தே பேர் வாங்கியவர். அந்த நாட்டில் சமஸ்கிருதப் பெயர் சகஜம். சென்ற மழைக்காலத்தில் பேரன் கணினியில் அவருடைய படமொன்றைப் போட்டுக் காட்டினான். பிறகு நானே மற்றவற்றையும் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். இந்த வயதில் பேய்ப் படம் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். பேயைவிட எனக்கு ஆர்வம் ஊட்டியது அந்தப் படங்கள் முடிகிற விதம். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அவர் பிறந்தது 1938ல், வடக்குச் சுமத்திராவில் கிசாரான் என்ற ஊரில். மேடான் நகருக்குத் தென்கிழக்கே, ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். டச்சுக்காரர் ஆட்சி, ஜப்பானியர் வருகை, விடுதலைப் போர் எல்லாம் அவர் பன்னிரண்டு வயதாவதற்குள் நடந்து முடிந்தவை. சினிமாவில் அவர் பெயர் நிலைத்தது நாற்பதாவது வயதில்.

1978ல் வந்த 'பிரிமிடிஃப்' என்ற படம், இத்தாலியர் அப்போது எடுத்துக்கொண்டிருந்த நரமாமிசக் காட்டுவாசிப் படங்களின் அச்சு. மானுடவியல் படிக்கும் மூன்று மாணவர்கள் காட்டுக்குள் போய் ஆதிவாசிகளிடம் சிக்குகிறார்கள். படம் தொடங்கும்போது ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் எந்திர இசை தடாலென்று ஒலிக்கும். காட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தமோ! இந்தப் படத்தைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் பாரி பிரிமா என்ற இளைஞருக்கு இதுவே முதல் படம். பின்னால் அந்த நாட்டின் பெரிய சண்டை நடிகர் ஆனார்.

1981ல் அவரை வைத்து எடுத்த 'ஜாகா செம்பூங்' வேறு ரகம். டச்சுக்காரனை எதிர்க்கும் கிராமத்து வீரனின் கதை, ஜைர் என்பவரின் சித்திரக்கதைப் புத்தகத்திலிருந்து எடுத்தது. வீரனின் கண்களைப் பிடுங்குகிறார்கள், மந்திரத்தால் பன்றியாக்குகிறார்கள். எதிரி மந்திரவாதியை வெட்டினாலோ, உடல் துண்டுகள் மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன. நமக்கு ஜராசந்தன் ஞாபகம் வராமல் இருக்குமா? துப்பாக்கி வைத்திருக்கும் வெள்ளைக்காரன் இந்தப் படத்தில் உள்ளூர் மந்திரவாதியின் தயவில்தான் பிழைக்கிறான். அந்தக் கிண்டல் எனக்குப் பிடித்தது.

இவற்றையெல்லாம் யார் பார்த்தார்கள்? பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். அங்கே 'லாயார் தஞ்சாப்' என்று ஒன்று உண்டு. 'நட்டு வைத்த திரை' என்று அர்த்தம். திறந்த வெளியில் இரண்டு கம்பு நட்டு, வெள்ளைத் துணி கட்டி, ஜெனரேட்டர் வைத்துப் படம் ஓட்டுவார்கள். மருந்து விற்கிறவர் செலவை ஏற்றுக்கொள்வதும் உண்டு. நம் டூரிங் கொட்டகைக்காவது கூரை இருந்தது. ஜகார்த்தாவின் விமர்சகர்கள் இந்த ரகப் படங்களை மதிக்கவில்லை.

இனி நான் சொல்ல வந்த படம்: 'பெங்காப்டி செத்தான்'. 'சாத்தானின் அடிமை' என்று பொருள். 1980ல் தயாரானது. எடுத்தது ராபி பிலிம்ஸ் நிறுவனம். அதை நடத்திய சம்தானி குடும்பத்தார் இந்தியாவிலிருந்து போன சிந்திக்காரர்கள். 1979ல் வந்த 'ஃபேண்டஸம்' என்ற அமெரிக்கப் படத்தின் சாயல் இதில் உண்டு. ஆனால் நெஞ்சைத் தொடுவது அதிலிருந்து வந்ததல்ல.

வசதியான நகரத்துக் குடும்பம். தாய் மவார்த்தி இறந்துவிட்டாள். அப்பா, மகள் ரீத்தா, மகன் தொம்மி. வீட்டில் தொழுகை கிடையாது. மகளுக்கு விருந்தும் நடனமும்தான் உலகம். ஒரு ராத்திரி ஜன்னலுக்கு வெளியே அம்மா வெள்ளை உடையில் நிற்பதைப் பையன் பார்க்கிறான். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அந்த மொழியில் இப்படிப்பட்ட பேய்க்கு 'ருவ்னான்' என்று பெயர். திரும்பி வந்தவர் என்பதே அதன் அர்த்தம். அடக்கம் செய்துவிட்டு வந்த அம்மா திரும்பி வந்தால் பயப்படுவதா, ஓடிப் போய்க் கட்டிக்கொள்வதா? அந்தப் பையனின் முகத்தில் இரண்டும் இருக்கிறது. இந்த ஒரு காட்சிக்காகவே படத்தை இரண்டு தடவை பார்த்தேன்.

பிறகு தார்மினா என்று ஒருத்தி வீட்டு வேலைக்கு வந்து சேர்கிறாள். ரூத் பெலுப்பெஸி நடித்த பாத்திரம். சிரித்தால் நமக்கு வயிற்றைக் கலக்கும். பழைய வேலைக்காரர் சாகிறார், ரீத்தாவின் காதலன் சாகிறான். செத்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்து கதவைத் தட்டும் கட்டத்தில், ஒரு கியாய், அதாவது இஸ்லாமிய மதகுரு, சீடர்களோடு உள்ளே நுழைகிறார். வேதம் ஓதுகிறார். பேய்கள் எரிந்து சாம்பலாகின்றன. குடும்பம் திருந்தி மசூதிக்குப் போகிறது.

சுஹார்த்தோ ஆட்சிக் காலம் அது. தணிக்கைக் குழுவின் கத்தரி எப்போதும் விரித்தபடி இருந்தது. 1981ல் சினிமாக்காரர்களுக்கென்று ஒழுக்க விதிகளே எழுதினார்கள். நன்மை ஜெயிக்க வேண்டும், கதை இறைபக்தியை நோக்கிப் போக வேண்டும் என்று. படம் தயாரானது 1980ல் என்பதைக் கவனியுங்கள். விதி காகிதத்தில் ஏறுமுன்பே படைப்பாளிக்கு அது மனப்பாடம்! இத்தனை வருஷம் கோப்பு எழுதியவன் என்ற முறையில் இது எனக்கு நன்றாகப் புரிகிறது. மேலதிகாரி கேட்பதற்கு முன்னாலேயே, அவர் விரும்பும் கடைசிப் பத்தியை எழுதி வைக்கிற குமாஸ்தாக்கள் எல்லா நாட்டிலும் உண்டு. சிஸ்வொரோ நம்பிக்கையோடே அப்படி முடித்திருக்கலாம் என்று வாதிடுவோரும் இருப்பார்கள். அப்படியானால் அதற்குப் பிறகு வரும் ஒரு காட்சியை எதில் சேர்ப்பது? மசூதியிலிருந்து குடும்பம் மகிழ்ச்சியாக வெளியே வருகிறது. தெருவில் ஒரு கார். உள்ளே தார்மினா. சிரிக்கிறாள். கோப்பில் கையெழுத்து விழுந்த பிறகு யாரோ ஓரத்தில் ஒரு வரி கிறுக்கியது போல.

இதற்குப் பின் அவர் பெரும்பாலும் சுசான்னா என்ற நடிகையோடு சேர்ந்து படம் எடுத்தார். 'சுந்தெல்போலோங்' 1981ல் வந்தது. கர்ப்பிணியாகச் செத்து, கல்லறைக்குள் பிள்ளை பெற்று, முதுகில் ஓட்டையோடு அலையும் பெண் பேய் அது. கதாநாயகி பழைய வாழ்க்கையை விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டவள். கயவர்கள் அவளைக் கெடுக்கிறார்கள். நீதிமன்றத்திலும் நியாயம் கிடைக்கவில்லை. உயிரை விட்டு, பேயாக வந்து ஒவ்வொருவராகத் தீர்க்கிறாள். நடுவில் தெருக்கடையில் உட்கார்ந்து கம்பியில் சுட்ட கறியைத் தின்று தீர்க்கும் காட்சியில் அரங்கமே சிரித்திருக்கும். சிரித்த வாய் மூடுவதற்குள் அவள் முதுகைக் காட்டுவாள். 1988ல் 'மாலாம் சாத்து சூரோ'. பேயின் உச்சந்தலையில் ஆணி அடித்து மனுஷியாக்கி, மகளாக வளர்த்து, கல்யாணமும் செய்து வைக்கிறார் ஒரு மந்திரவாதி. யாரோ ஆணியைப் பிடுங்குகிறான். பிறகு கேட்கவா வேண்டும்? ஆணி அடித்தால் பேய் அடங்கும் என்று நம் பாட்டிமார்களும் சொன்னதுதான்.

எண்பதுகளின் கடைசியில் தனியார் தொலைக்காட்சி வந்தது, ஹாலிவுட் படங்கள் குவிந்தன, உள்ளூர் சினிமா படுத்தது. சிஸ்வொரோ 1993 ஜனவரியில் இறந்தார். அவருடைய படங்கள் வெளிநாடுகளில் வீடியோவாகச் சுற்றின. ஜப்பானில்கூட ரசிகர்கள் இருந்தார்கள்.

மேடானில் 1976ல் பிறந்த ஜோகோ அன்வர் என்பவர், டிக்கெட்டுக்குக் காசில்லாமல் கொட்டகைச் சுவரின் காற்றுத்துளை வழியாகப் படம் பார்த்து வளர்ந்தவர். அவர் ராபி பிலிம்ஸ்காரர்களை வருஷக்கணக்கில் கெஞ்சி உரிமை வாங்கி, 2017ல் 'பெங்காப்டி செத்தான்' படத்தைத் திரும்ப எடுத்தார். 40 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். சிட்ரா என்ற தேசிய விருதுகளில் ஏழு கிடைத்தன. விமர்சகர்கள் ஒதுக்கிய அதே கதைக்கு!

சுஹார்த்தோ போய் அப்போது 19 வருஷம் ஆகியிருந்தது. புதிய படத்திலும் மதகுரு வருகிறார். ஆனால் அவர் யாரையும் காப்பாற்றவில்லை. அவருடைய மகன் சாகிறான், பிறகு அவரே பேய்களிடம் சாகிறார். தப்பிய குடும்பம் நகரத்து அடுக்குமாடி வீடொன்றில் குடியேறுகிறது. பக்கத்து வீட்டுக்காரி அன்பாகச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிறாள். அவள் பெயர் தார்மினா.